வெறுங்கூடு

சுனாமிக்கு அடுத்த வருடம் தொண்டு நிறுவனம் ஒன்று கல்குடாவில் ஆறு பெண்களுக்குத் தொழில் தொடங்கக் கோழிகள் கொடுத்தது. ஒரு வருடம் கழித்து உத்தியோகத்தர் பார்வையிட வந்தார். ஐந்து வீடுகளில் கூடு நிறையக் கோழிகள் நின்றன. உசாந்தியின் கூடு மட்டும் வெறுமையாகக் கிடந்தது.

"கோழியெல்லாம் எங்க தங்கச்சி?"

"இப்ப இல்ல சேர்."

"தெய்வமணியக்கா எப்பிடி வளத்திருக்கிறா, பாத்தீங்களா? கூடு வெறுமையா இருந்தா அடுத்த உதவி கிடையாது."

"தெரியும் சேர்."

அவர் பட்டியலில் அவள் பெயரை வெட்டினார். பிறகு மனம் கேட்கவில்லை.

"உங்கட தொழில் முன்னேற நாங்க வேற என்ன செய்யலாம்?"

"மாசாமாசம் இப்பிடி வந்து பாத்தாப் போதும் சேர்."

கட்டாயம் வருவதாகச் சொல்லிவிட்டு அவர் ஜீப்பில் ஏறினார்.

ஜீப் மறைந்ததும் தெய்வமணி ஐந்து கோழிகளோடு படலையைத் திறந்து வந்தாள். பின்னால் மற்ற நால்வரும் கோழிகளோடு வந்தார்கள்.

"இந்தாகா உன்ட கோழி. எங்கட கோழியெல்லாம் கறியாப் போனது தெரிஞ்சா எங்கட பேரையும் வெட்டியிருப்பாங்க. உன்ட கூட்டிலயும் அஞ்சு கோழிய விட்டு வச்சிருக்கலாமே, புள்ள?"

உசாந்தி கோழிகளை எண்ணி உள்ளே விட்டாள்.

"என்ட கூட்டில நிண்டா ஆருகா வாடகை தருவாங்க?"