தடுமாறத் தெரியாதவர்

“உள்ள போனதும் நாற்காலியில இடிச்சுக்குங்க. முடிஞ்சா வாசப்படியிலேயே தடுக்கி விழுந்துடுங்க” என்று புருஷனின் காதில் ஓதிக்கொண்டிருந்தாள் ரெங்கம்மாள்.

ஃபைல் கட்டோடு வராந்தாவில் வந்துகொண்டிருந்த ராஜராஜன் தூண் மறைவில் நின்றுவிட்டான். புதுச் செருப்பு கிறீச்சென்று ஒருமுறை காட்டிக்கொடுத்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டினான்.

“நான் ஏண்டி விழணும்?” என்றார் செல்லதுரை. மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கி விட்டுக்கொண்டு விறைப்பாக நின்றார். “இந்த வயசுல புதுசா நடிப்புக் கத்துக்கணுமாக்கும்?”

“ரோஷம் சோறு போடுமா? நீங்க நிமிந்து நடந்ததாலதானே வந்துக்கிட்டிருந்த பணத்தை நிறுத்திட்டாங்க. எனக்கும் முட்டி போயிடுச்சு, நடவுக்குக் குனிய முடியலை. இன்னிக்கும் இல்லைன்னுட்டா அப்புறம் கேக்க ஆளே கிடையாதுங்க.”

ராஜராஜனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெயர்தான் ராஜராஜன், மேல்முறையீட்டு ஃபைல்களை அதிகாரியின் மேசைக்குச் சுமக்கிற வேலை. ஆனால் அரசாங்கம் கொடுக்கிற உதவித்தொகை எல்லாம் தன் சட்டைப்பையிலிருந்து போவதாகவே அவனுக்கு நினைப்பு. நிஜமாகவே முடியாதவர்கள் வெயிலில் காத்துக் கிடக்க, இங்கே ஒத்திகை நடக்கிறது. நேராக அதிகாரி ஜெகபர் அலியிடம் போய்ப் போட்டுக்கொடுத்தான்.

“சார், அடுத்து வர்ற ஆள் சுத்த டூப்பு. பார்வை இல்லைன்னு மனு போட்டிருக்கார். தடுக்கி விழச் சொல்லி பொண்டாட்டி பாடம் நடத்துது. என் காதால கேட்டேன்.”

ஜெகபர் அலி ஃபைலைப் புரட்டினார். டாக்டர் சான்றிதழ் இருந்தது. ஆனால் ஊருக்குப் போய் விசாரித்தவர், ‘வரப்பில் தடுமாறாமல் நடக்கிறார். தனியாக மடை திறந்து தண்ணீர் விடுகிறார். பார்வை உள்ளது’ என்று எழுதியிருந்தார். அதை வைத்துத்தான் உதவித்தொகையை நிறுத்தியிருந்தார்கள்.

“வரச் சொல்லு” என்றார்.

பழைய கட்டடத்தின் கடைசி அறை அது. இருந்த ஒரே ஜன்னலையும் பீரோ அடைத்துக்கொண்டிருந்ததால் பட்டப்பகலிலும் டியூப்லைட் எரிந்தது. தலைக்கு மேலே ஃபேன் கடகடவென்று கத்திக்கொண்டிருந்தது.

ரெங்கம்மாள் நீட்டிய கையைத் தட்டிவிட்டு, கதவு நிலையைத் தொட்டபடி உள்ளே வந்தார் செல்லதுரை. வாசற்படியில் தடுக்கவில்லை. நாற்காலியிலும் இடிக்காமல் உட்கார்ந்தார். ராஜராஜன் அதிகாரியைப் பார்த்துக் கண்ணைக் காட்டினான்.

“வரப்புல தனியா நடக்கிறீங்களாமே?” என்றார் அதிகாரி.

“நடக்கிறேங்க.”

“மடை திறக்கிறது?”

“என் வயலுக்கு நான் திறக்காம பக்கத்து வயல்காரனா வந்து திறப்பான்?”

“விசாரிக்க வந்தவர் முன்னாடி ஒரு தடவைகூடத் தடுமாறலையாம்.”

“சின்ன வயசுலேருந்து நடக்கிற வரப்பு சார். அதுல எதுக்குத் தடுமாறணும்? அவர் எழுதிக்கிறதுக்காக நான் சேத்துல புரளணுமா? விழுந்து காட்டினாத்தான் குடுப்பீங்கன்னா அந்தப் பணம் எனக்கு வேண்டாம். உரிமையைக் கேட்டு வந்திருக்கேன். பிச்சை கேட்டு வரலை.”

ராஜராஜன் இளக்காரமாகச் சிரித்தபடி கிறீச் கிறீச்சென்று இரண்டு எட்டு முன்னால் வந்தான். செல்லதுரை அவன் பக்கம் திரும்பினார்.

“வெளியில நின்னு எங்க பேச்சை ஒட்டுக்கேட்டது இந்தத் தம்பிதானே?”

“பாத்தீங்களா சார்!” ராஜராஜன் துள்ளினான். “தூணுக்குப் பின்னாடி நின்னவனையே அடையாளம் கண்டுபிடிச்சிட்டார். வசமா மாட்டிக்கிட்டார் சார்!”

ரெங்கம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். “வாயை மூடிக்கிட்டு இருங்கன்னா கேக்கிறாரா இந்த மனுஷன்!” அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ஜெகபர் அலி பேனாவைத் திறந்தார். “நானா எதுவும் சொல்லலை. எல்லாத்தையும் நீங்களே ஒத்துக்கிட்டீங்க” என்று சொல்லி எழுதக் குனிந்தார்.

கரண்ட் போயிற்று.

அறை கும்மிருட்டானது. பின்னால் நகர்ந்த ராஜராஜன் தான் கொண்டுவந்து கீழே வைத்திருந்த ஃபைல் கட்டிலேயே கால் இடறி, பீரோவில் மண்டை மோத, “ஐயோ!” என்று தரையில் உட்கார்ந்தான். அதிகாரி மேசையைத் துழாவியதில் தண்ணீர் டம்ளர் கவிழ்ந்தது. அதையும் தாண்டித் துழாவியதில் செல்போன் எகிறி எங்கேயோ போய் டொக்கென்று விழுந்தது.

“யாரும் அசையாதீங்க! ஒண்ணுமே தெரியலை!” என்று கத்தினார் அவர்.

செல்லதுரை எழுந்தார். மேசையைச் சுற்றிக்கொண்டு நேராகப் போய், குனிந்து போனை எடுத்தார். காற்றில் அலைந்துகொண்டிருந்த அதிகாரியின் கையைப் பிடித்து நிறுத்தி, அதில் வைத்து விரல்களை மூடினார்.

“ஏன் சார் எல்லாரும் இப்படித் தடுமாறுறீங்க, இருட்டிடுச்சா? எனக்கு ஃபேன் நின்னது மட்டுந்தான் தெரிஞ்சுது.”