பவளம் ஓடுகிற வண்டி

பவளம் என்ற சிவப்புக் கார் மிகவும் பழையது. தினமும் காலையில் வாத்துகளைக் குளத்துக்கு ஏற்றிப்போவதில் அதற்குக் கொள்ளை ஆசை.

ஒருநாள் அதற்கு இன்ஷூரன்ஸ் போட ஒரு கொக்கு வந்து பானெட் மேல் நின்றது.

"பழங்கால வண்டிகளுக்குத் தனி பாலிசி இருக்கிறது, அம்மா. அடிபட்டால் முழு மதிப்பும் கிடைக்கும். ஆனால் கண்காட்சிக்கு மட்டும்தான் வெளியே போகலாம். நீங்கள் தினமும் ஓடுகிறீர்களா?"

பவளத்துக்குச் சபலம் தட்டியது. "இந்த வயதில் நான் எங்கே சார் ஓடுவது!" என்று பெருமூச்சு விட்டது.

அந்த நேரம் பார்த்து வாத்துகள் கூச்சலோடு வந்து ஏறின. "அக்கா, கிளம்பு! நேற்று மாதிரியே பறக்கணும்!"

பவளம் பிரேக்கை இறுக்கிப் பிடித்துப் பார்த்தது. முடியவில்லை. இன்ஜின் குபீரென்று சிரித்துவிட்டது. கொக்கையும் சுமந்துகொண்டு வண்டி மேட்டிலிருந்து பாய்ந்தது. வாத்துகள் கத்தின, ஹாரன் கத்தியது, கொக்கும் கத்தியது.

குளக்கரையில் நின்றதும் பவளம் தலைகுனிந்தது. "பொய் சொல்லிவிட்டேன், சார். தினமும்தான் ஓடுகிறேன். ஓடாமல் இருக்க என்னால் முடியாது. சாதாரண பாலிசியே போடுங்கள்."

கொக்கு கலைந்த இறகுகளைக் கோதிக்கொண்டது.

"போட்டுவிடலாம், அம்மா. நாளைக்கும் நான் பானெட் மேலேயே நின்று வரலாமா?"