கிருமிக்குக் காது கேட்கும்

கிருமிகளுக்குக் காது முளைத்த பிறகு ஆஸ்பத்திரியில் மருந்தின் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பெயர் காதில் விழுந்தால் போதும், கிருமி உஷாராகிவிடும். அப்புறம் அந்த மருந்து வெறும் தண்ணீர்தான். பொன்ராணியின் ஒரு வயது மகளுக்கு ரத்தத்தில் கிருமி. உடம்பு அனலாய்க் கொதித்தது. நர்ஸ்கூடச் சாடையில்தான் பேசினாள்.

அந்நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுச் செல்லக்கனி, ரொட்டியும் ஆரஞ்சுமாக நலம் விசாரிக்க வந்தாள்.

"ஏட்டி, பிள்ளைக்கு என்ன மருந்து குடுக்காவ?"

பொன்ராணி பதறிப்போய் அவள் வாயைப் பொத்த எழுந்தாள்.

"நீ சொல்லாண்டாம், எனக்குத் தெரியாதா? அமாக்சிசிலின்தான! இல்லன்னா டெட்ராசைக்ளின். எம் மவனுக்கு அதுலதான் கேட்டுது!"

அத்தனையும் தப்பு. கிருமிகளுக்கு அது எப்படித் தெரியும்? அவை அந்த மருந்துகளை எதிர்த்து வரிந்துகட்டிக்கொண்டு நிற்கையில், நர்ஸ் சத்தமில்லாமல் வேறோர் ஊசியைப் போட்டாள். சாயங்காலத்துக்குள் குழந்தையின் நெற்றி குளிர்ந்தது. பாலுக்கு வீறிட்டு அழுதது.

செல்லக்கனி கிளம்ப எழுந்தாள். அடுத்த கட்டில்காரி ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"யக்கா, எம் பிள்ளகிட்டயும் ஒரு மருந்து சொல்லிட்டுப் போங்க!"