முழு மட்கார்டு

போல்ட்டை உதட்டில் கவ்விக்கொண்டு அவள் பின்சக்கரத்தைச் சுழற்றிவிட்டாள். காது கொடுத்துக் கேட்டாள்.

சர்ர்... சர்ர்...

எங்கோ உரசுகிறது.

வீட்டுக்குப் பின்பக்கம் வேண்டிய இடம் இருந்தது. அவள் வேண்டுமென்றேதான் வாசலில், கணவன் ஞாயிற்றுக்கிழமைப் பேப்பர் படிக்கும் நாற்காலிக்கு நேர் எதிரே, சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தியிருந்தாள்.

அவன் பார்க்க வேண்டும். நன்றாகப் பார்க்க வேண்டும்.

மழை தொடங்கியதிலிருந்து அவன் ஒரே பாட்டைத்தான் பாடிக்கொண்டிருந்தான். அவள் வேலை செய்வது ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில். வெளுத்த துணி மலைபோல் குவிந்திருக்கும் இடம். உடம்பில் சேற்றோடு யாரும் உள்ளே கால் வைக்கக் கூடாது. போன வாரம் அவள் போய் இறங்கியபோது பிடரியிலிருந்து இடுப்பு வரை ஒரே சேற்றுக் கோடு. வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். இன்னொரு தரம் இப்படி வந்தால் பிறகு வரவே வேண்டாம் என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார்.

வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவனுக்கு அவல் கிடைத்தது.

வேலையை விடு என்று அவன் நேராகச் சொல்லவில்லை. அவனுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. அம்மாவுக்குப் பிடிக்கவில்லை என்றான். அவள் சைக்கிள் மிதிப்பது அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. அவள் சம்பாதிப்பது அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. அவள் சத்தமாகச் சிரிப்பதுகூட அம்மாவுக்குப் பிடிக்கவில்லை.

அந்த அம்மாவோ உள்ளறையில் ஜன்னலோரம் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பார். பிடிக்கிறதா என்று அவரிடம் யாரும் கேட்டதுமில்லை.

அவள் நேற்று சைக்கிள் கடைக்குப் போனாள்.

கடைக்காரர் முதலில் எடுத்துக் காட்டியது பிளாஸ்டிக் அரை மட்கார்டு. கறுப்பில் சிவப்புக் கோடு போட்டது. அழுத்தினால் மாட்டிக்கொள்ளும், இழுத்தால் கழன்றுவிடும். "பொண்ணுங்க எல்லாம் இதைத்தாம்மா வாங்குறாங்க" என்றார்.

அவள் அதை விரலால் சுண்டிப் பார்த்தாள். வெத்துவேட்டு. பார்க்க அழகு, ஒரு பள்ளத்துக்குத் தாங்காது.

சக்கரத்தைப் பாதி வட்டம் மூடுகிற, இரண்டு பக்கமும் கம்பி வைத்த இரும்பு முழு மட்கார்டைக் கேட்டாள். அதன் நுனியில் தரையைத் தொட்டும் தொடாமலும் தொங்குகிற மாதிரி ரப்பர் ஒன்றும் வெட்டித் தரச் சொன்னாள்.

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "உங்க முதுகுக்கு மட்கார்டே போதும்மா. அந்த ரப்பர் பின்னால வர்றவங்களுக்குத்தான் உபயோகம்."

"இருக்கட்டும்ணே. வெட்டுங்க."

மாட்டித் தருகிறேன் என்றார். அதையும் வேண்டாமென்றாள். எப்படி மாட்டுவது என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். டயருக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு விரல் நுழைய வேண்டும். அதைவிட நெருங்கினால் சேறு அடைத்துச் சக்கரத்தையே நிறுத்திவிடும்.

இப்போது விரலை விட்டுப் பார்த்தாள். இடது பக்கம் நுழைந்தது, வலது பக்கம் நுழையவில்லை. கம்பியின் திருகைத் தளர்த்தி, ஒரு வாஷரைக் கூடுதலாகக் கொடுத்து, போல்ட்டை முடுக்கினாள். முழங்கை வரை கிரீஸ்.

பேப்பர் மடிந்தது.

"இந்த இரும்புக்கு அலங்காரம் பண்ற நேரத்துல அம்மாவைக் கொஞ்சம் கவனிச்சிருக்கலாம். குழாயடியில வழுக்கி விழுந்து முட்டியெல்லாம் சிராய்ப்பு. உனக்குத் தெரியுமா?"

தெரியும். மருந்து போட்டதே அவள்தான்.

சக்கரத்தை மறுபடி சுழற்றிவிட்டாள். இந்த முறை சத்தமே இல்லை. அது சுழன்று தானாக ஓயும்வரை அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் விடியும்போதே மழை பிடித்துக்கொண்டது. தெருவெல்லாம் குழம்பிய சேறு.

சலவைக்கூடத்தின் நீல மேலங்கியை மாட்டிக்கொண்டு அவள் சைக்கிளை வாசலுக்கு உருட்டியபோது, அவன் வெளிக்கதவுக்குக் குறுக்கே குடையோடு நின்றான். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிறவனின் நிற்பு. சைக்கிளின் ஹேண்டில்பாரை ஒரு கையால் பிடித்துக்கொண்டான்.

"நான் சொன்னா கேட்க மாட்ட, சரி. வயசானவங்களைத் தனியா விட்டுட்டுப் போறோமேன்னு மனசு உறுத்தாதா?"

அவள் பிரேக்கை அழுத்தினாள். தளர்த்தினாள். மழை அவள் முகவாயில் வழிந்து சொட்டியது.

"கையை எடுங்க. நேரமாச்சு."

அவன் எடுக்கவில்லை. அவளும் விடவில்லை.

வீட்டின் பக்கச் சந்திலிருந்து மணியடிக்கிற சத்தம் கேட்டது. ஒருமுறை அல்ல, விடாமல்.

அவன் திரும்பினான்.

நாத்தனார் கல்யாணமாகிப் போன பிறகு கொட்டகையில் முடங்கிக் கிடந்த சைக்கிள், சந்திலிருந்து இப்படியும் அப்படியுமாக வளைந்து வந்துகொண்டிருந்தது. அதன் மேல், அதே சலவைக்கூடத்தின் நீல மேலங்கியில், பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணை முன்சக்கரத்தை விட்டு எடுக்காமல், அவனுடைய அம்மா.

துணி மடிக்கும் பிரிவில் அவருக்கு அன்று முதல் நாள்.

"ஒதுங்குடா! பிரேக்கு இன்னும் கைக்கு வரல!"

அவன் குடையைப் போட்டுவிட்டு ஒதுங்கினான்.