நான்கு பேர், இரண்டு நாள், ஐயாயிரம்

பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோனால் மலையடிவாரத்திலேயே பிடுங்கிக்கொள்வார்கள், எவர்சில்வர் பாட்டில்தான் எடுக்க வேண்டும் என்றான் சுரேந்தர்.

லோகப்பிரியா குறித்துக்கொண்டாள்.

பர்லியாறு தாண்டியதும் வளைவில் சின்னவனுக்கு வாந்தி வரும், கையில் ஓர் எலுமிச்சம்பழம் கொடுத்து வை என்றான். அதையும் குறித்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கறிக்குழம்புச் சாப்பாடு முடிந்து, பெரியநாயக்கன்பாளையத்து வாடகை வீட்டின் முன்னறையில் நான்கு பேரும் பாயைப் போட்டு உட்கார்ந்து ஊட்டிக்குப் போய்வந்துகொண்டிருந்தார்கள். காகிதத்தில்தான்.

கையில் ஐயாயிரம் இருந்தது. லோகப்பிரியா மோட்டார் கம்பெனியில் செம்புக் கம்பிச் சுருள் சுற்றி வாங்கிய போனஸ். அதற்குள் இரண்டு நாள், நான்கு பேர். கொஞ்சம் கூடினாலும் போன வருஷம் மாதிரி ஆகிவிடும். போன வருஷம் கணக்குப் போட்டுப் போட்டுக் கடைசியில் மெயின் ரோட்டில் ஆளுக்கொரு ஐஸ்கிரீமோடு பயணத்தை முடித்துக்கொண்டார்கள்.

உண்மையைச் சொன்னால் அவளுக்கு ஊட்டிகூடப் பெரிதில்லை.

சுரேந்தர் டிராவல்ஸ் கார் ஓட்டுகிறவன். பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டால் அவனுக்கு லீவு கிடையாது. ஊரார் குடும்பமெல்லாம் அவன் வண்டியில் ஊர் சுற்றும்போது அவன் குடும்பம் வீட்டில் டிவி பார்க்கும். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. இரண்டு பிள்ளைகளோடு அவனும் அவளும் சேர்ந்து நின்று ஓர் இடத்தைப் பார்த்ததில்லை. அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டும்.

இந்த வருஷம் எல்லாம் கூடிவந்தது. முதலாளி பாலுசாமி, பழைய காரை எடுத்துக்கொண்டு போ, டீசல் மட்டும் போட்டுக்கொள் என்றுவிட்டார். ஊட்டியில் டாக்ஸி ஓட்டும் சுரேந்தரின் சிநேகிதன் ரைஹான் தன் வீட்டு மாடி அறையைக் கழுவி வைத்திருப்பதாகப் போன் செய்தான். வாடகைப் பேச்சை எடுத்தால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவானாம். இப்படியும் மனிதர்கள் இருக்கிறார்களே என்று லோகப்பிரியா இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். சாமிக்கு விளக்கு வைக்கும்போது அந்த இரண்டு பேரின் பெயரையும் சேர்த்துக்கொண்டாள்.

மிச்சச் செலவை சுரேந்தரே வெட்டித் தள்ளினான். ஊட்டி அவனுக்கு அத்துப்படி. எந்தக் கடையில் டீ மலிவு, எங்கே கழிப்பறை சுத்தம், எத்தனை மணிக்குப் போனால் நிழலில் பார்க்கிங் கிடைக்கும், எல்லாம் விரல் நுனியில் இருந்தது. புருஷனைப் பார்க்க அவளுக்குப் பெருமையாக இருந்தது.

பூங்கா, ரோஜாத் தோட்டம், தொட்டபெட்டா, படகு என்று நான்கு இடம் எழுதினார்கள்.

ஒன்றாவது படிக்கும் நிதீஷ், ரோஜாத் தோட்டத்தில் கறுப்பு ரோஜா இருக்குமா என்று கேட்டான். வாசலுக்கு எதிரில் ஓர் அம்மா சோளக்கதிர் சுட்டுத் தருவார் என்றான் சுரேந்தர். சின்னவனுக்கு அந்தப் பதிலே போதுமானதாக இருந்தது.

கூட்டிப் பார்த்தால் நாலாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது. லோகப்பிரியாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. போகிறோம், நான்கு பேரும் போகிறோம்.

ஐந்தாவது படிக்கும் கனிஷ்கா யார் போட்ட கணக்கையும் சும்மா விடுகிறவள் இல்லை. காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துப் பென்சிலால் ஒவ்வொரு வரியாகத் தட்டிக்கொண்டே வந்தாள்.

"எல்லா இடத்துக்கும் மூணு டிக்கெட்தானுங்கப்பா போட்டிருக்கீங்க."

"அம்மா, நீ, தம்பி. மூணுதானே கண்ணு."

தியாகம் பண்ணுகிற முகம் எதுவும் அவனிடம் இல்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்வானே, அப்படிச் சொன்னான்.

லோகப்பிரியாவுக்கு அப்போதுதான் உறைத்தது. டீக்கடை, கழிப்பறை, பார்க்கிங், சோளக்கதிர். அவன் சொன்னதில் ஒன்றுகூட வாசலுக்கு உள்ளே இல்லை.

அந்தப் பூங்காவுக்கு எத்தனை தடவை போயிருப்பீர்கள் என்று மெல்லக் கேட்டாள். முந்நூறு தடவைக்குக் குறையாது என்றான். உள்ளே போயிருக்கிறீர்களா என்று கேட்டாள். அவனுக்குக் கேள்வியே புதிதாக இருந்தது. கஸ்டமர் திரும்பி வரும்வரை டிரைவர் வண்டியிடம்தானே நிற்க வேண்டும் என்றான்.

இந்த வீட்டு வாடகை, இரண்டு பிள்ளைகளின் ஃபீஸ், மத்தியானம் சாப்பிட்ட கறி, எல்லாம் அவன் அங்கே நின்ற நேரத்தில் வந்தவை. பன்னிரண்டு வருஷத்தில் அதற்காக ஒரு நல்ல வார்த்தை அவனிடம் சொன்னதில்லை என்பது அவளுக்குச் சுருக்கென்று குத்தியது. இப்போதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

பென்சிலை வாங்கிப் படகு என்ற வரியை அடித்துவிட்டாள். மீதி மூன்று இடத்திலும் மூன்றை நான்காகத் திருத்தினாள்.

நிதீஷ் படகுக்காக ஒரு பாட்டம் அழுது தீர்த்தான். கனிஷ்கா மறுபடி கூட்டிப் பார்த்து, படகுக் காசிலேயே அப்பாவின் மூன்று டிக்கெட்டும் அடங்கிவிடும் என்று தீர்ப்புச் சொன்னாள்.

சுரேந்தர் அந்த நான்குகளையே பார்த்துக்கொண்டிருந்தான். சந்தோஷம்தான், முகத்தில் தெரிந்தது. ஆனாலும் எதுவோ இடித்தது. கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்துவிட்டு, கணக்கில் ஒரு பெரிய தப்பைக் கண்டுபிடித்தவனாகக் கேட்டான்.

"அப்ப வண்டிகிட்ட ஆரு அம்மணி நிப்பாங்க?"

லோகப்பிரியாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"வண்டியப் பூட்டிப்போட்டு நீங்களும் வாங்க" என்றாள்.