நீலப் பசை

காலை ஏழு பத்துக்கு சைஃபன் தண்ணீரை விழுங்கவில்லை.

டெஸ்லி சமையலறை ஜன்னலருகே தேநீரோடு நின்று காத்திருந்தாள். பம்ப் ஏற்றும் தண்ணீரில், கொல்லையில் தக்காளி வளரும் ஜல்லித் தொட்டி பதினான்கு நிமிடத்துக்கு ஒரு முறை நிரம்பும். நிரம்பியதும் அத்தனை தண்ணீரையும் சைஃபன் ஒரே மடக்கில் இழுத்துக் கீழே மீன் தொட்டியில் கொட்டும். ஸ்ட்ரா வைத்துக் கடைசிச் சொட்டை உறிஞ்சுவதுபோல் ஒரு சத்தம் வரும். பதினொரு வருடமாக அவளுக்குப் பொழுது போவது அந்தச் சத்தத்தில்தான் தெரிந்தது.

ஏழு இருபதுக்கும் சத்தம் இல்லை.

வேர் ஏதாவது அடைத்திருக்கும். பழக்கத்தில் அவள் கை சுவிட்சுக்குப் போனது. கொட்டகை விளக்கை மூன்று முறை அணைத்துப் போட்டால் கணவன் சில்வியோ போய்ப் பார்ப்பான். கூப்பிட்டுப் பயனில்லை. முப்பத்தெட்டு வருட சர்க்கரை ஆலை பாய்லர் அவன் காதுகளைத் தின்றுவிட்டது. நேருக்கு நேர் நின்று பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வான்.

அந்தத் தோட்டத்துக்குக் கை அவன். காது அவள்.

இரண்டு வருடம் முன்பு அவள் கெய்ன்ஸில் தங்கை வீட்டுக்கு நான்கு நாள் போயிருந்தாள். சைஃபன் சிக்கித் தண்ணீர் கீழே இறங்காமல் நின்றது அவனுக்குத் தெரியவில்லை. திரும்பி வந்தபோது இருபத்தாறு பெர்ச் மீன்கள் வயிற்றைக் காட்டி மிதந்தன.

டைமர் வாங்கி மாட்டச் சொன்னான் பக்கத்து வீட்டு ரஸ். பம்ப் பதினைந்து நிமிடம் ஓடும், முக்கால் மணி நேரம் நிற்கும், தண்ணீர் தானாக வடியும், யாரும் காது கொடுத்துக் கேட்க வேண்டியதில்லை.

"நீ அலாரம் வெச்சு விவசாயம் பண்றவன். என்கிட்ட டெஸ் இருக்கா, போடா," என்றான் சில்வியோ.

ரஸ்ஸின் குழாய்களைப் பார்த்தும் சிரிப்பான். ரஸ் எல்லா இணைப்பையும் நீலப் பசை போட்டு ஒட்டியிருந்தான். சில்வியோ தொட்டியில் ஒரு குழாயையும் ஒட்டியதில்லை. செருகித்தான் வைப்பான். என்றைக்காவது கழற்ற வேண்டியதை ஒட்டக் கூடாது என்பது அவனுக்கு வேதம். ஒரு கிறிஸ்துமஸுக்கு வந்த மருமகன் உதவி செய்கிறேன் என்று ஒரே ஒரு முழங்கைக் குழாயை ஒட்டிவிட்டான். அவன் கண் முன்னாலேயே சில்வியோ அதை ரம்பத்தால் அறுத்தெடுத்தான்.

டெஸ்லி சுவிட்சைத் தொடவில்லை. சில்வியோ ஏற்கெனவே தொட்டியருகில் குந்தியிருப்பது தெரிந்தது.

அவள் மெதுவாகப் படியிறங்கினாள். பெட்டியை நேற்றே காரில் வைத்தாகிவிட்டது. பத்து மணிக்கு டவுன்ஸ்வில் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். அங்கே ஆறு வாரம் தங்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள்.

சைஃபன் மேல் கவிழ்த்திருந்த மூடி புல்லில் கிடந்தது. தொட்டிக்குள் புதிதாக ஒரு வெள்ளைக் குழாய் நின்றது. சுவரில் சாம்பல் நிற டைமர். ஏதோ காட்டமான வாடை. மாத்திரை தொடங்கியதிலிருந்து அவளுக்கு எல்லாமே வாடையாகத்தான் இருந்தது.

சுற்றி வந்து அவன் முகத்துக்கு நேரே நின்றாள்.

"வெக்கமா இல்ல உனக்கு? ரஸ் பாத்தான்னா தெரு பூரா சொல்லிட்டு வருவான்."

"சொல்லட்டும். ஆறு வாரமும் அவன் பீரைத்தானே குடிக்கப்போறேன்." அவன் குழாயைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நீ வந்ததும் பழையபடி மாத்திக்கலாம், டெஸ்."

அவளுக்குச் சற்று ஆறுதலாக இருந்தது. சரிதான், ஆறு வாரத்துக்கு மீனைக் காப்பாற்ற வேண்டுமே. வந்ததும் அந்தக் குழாயைப் பிடுங்கிப் போட்டுவிட்டு மூடியைக் கவிழ்க்க இரண்டு நிமிடம் ஆகாது.

போன வியாழக்கிழமை மருத்துவர் அவனை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டுப் பேசியிருந்தார். கண்ணாடிக் கதவு வழியே மருத்துவரின் முதுகும் அவன் தலையாட்டுவதும்தான் தெரிந்தன. என்ன சொன்னார் என்று கேட்டதற்கு, கார் நிறுத்தும் இடம் பற்றி என்றான். அவள் நம்பவில்லை. ஆனாலும் ஒரு தைரியம். அறையில் இருந்தவரை மருத்துவர் வாயையும் மூக்கையும் முகக்கவசம் மூடியிருந்தது. இவனுக்கு ஒரு சொல்லும் புரிந்திருக்காது.

டைமர் டக்கென்றது. பம்ப் ஓடியது. ஜல்லிக்கடியில் தண்ணீர் ஏறி, தக்காளித் தண்டுகளைச் சுற்றி ஈரம் தெரிந்தது. இருவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பதினைந்து நிமிடம் கழித்து பம்ப் நின்றது. தண்ணீர் சத்தமில்லாமல் வடிந்தது. தூரத்தில் ஆலைக்குப் போகும் கரும்பு ரயில் மட்டும் கேட்டது.

சில்வியோ திரும்பிக்கொண்டு பழந்துணியால் கையைத் துடைத்தான். துடைத்த விரல்களையே மறுபடி மறுபடி துடைத்தான்.

விரல் நுனியெல்லாம் நீலமாக இருந்தது.

அவள் தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். வெள்ளைக் குழாயின் அடியில், அது தொட்டித் தரையைச் சேரும் இடத்தில், சுற்றிலும் ஒரு நீலக் கோடு. சீராக, ஒரு இடமும் விடாமல், பொறுமையாகப் பூசியிருந்தது.

அந்த மருத்துவர் முகக்கவசத்தை இறக்கிவிட்டுத்தான் பேசியிருக்க வேண்டும்.

இந்த முறை அவள் சுற்றிக்கொண்டு அவன் முன்னால் போகவில்லை. அவன் முதுகைப் பார்த்தபடி, நின்ற இடத்திலிருந்தே கேட்டாள்.

"சில்வியோ, அதை ஒட்டிட்டியா?"