ஷைனிக்குள் பத்து நிமிடம்

மகளுக்கு மாத்திரை வேண்டாம் என்று ஒரு வருடமாகப் பிடிவாதமாக நின்றவர் அருள்ராஜ்தான். தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். "பத்து வயசுப் புள்ளைய மாத்திரையக் குடுத்து மந்தமாக்கச் சொல்லுதியா?" என்று மனைவி ஜெசிந்தாவிடம் சண்டைக்கு நிற்பார். ஷைனிக்குக் கேட்கும் குரல்களெல்லாம் வெறும் கற்பனை, வளர்ந்தால் போய்விடும் என்பது அவர் கட்சி.

ஆனால் மருந்தை மறுக்கும் பெற்றோர், பிள்ளையின் மனதைப் பத்து நிமிடம் அணிந்து பார்த்த பிறகுதான் மறுக்கலாம் என்று சட்டம் வந்திருந்தது. செவ்வாய்க்கிழமை காலை ஆஸ்பத்திரியில் டாக்டர் அருள்ராஜின் தலையில் அதற்கான தொப்பியை மாட்டினார்.

முதலில் ஒரு குரல் வந்தது. பிறகு நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். "நீ யாருக்கும் வேண்டாம். கதவத் திறந்து போயிரு" என்று மாறி மாறிச் சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் ஷைனியின் சின்னக் குரல் பதில் சொன்னது: "மாட்டேன். அப்பா தேடுவாங்க."

தொப்பியைக் கழற்றியபோது அவர் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது.

"எப்பவாவதுதான் இப்படி இருக்குமா, டாக்டர்?"

"முழிச்சிருக்கிற நேரம் பூரா, சார்."

பாடத்தைக் கவனிக்காமல் வெறித்துப் பார்க்கிறாள் என்று எத்தனை தடவை அவளை அதட்டியிருக்கிறார்! அருள்ராஜ் மாத்திரைக்கான சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தார்.

பெஞ்சில் ஜெசிந்தாவோடு உட்கார்ந்திருந்த ஷைனி அவர் முகத்தைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். கையைப் பிடித்துக் குனியவைத்து, அம்மாவுக்குக் கேட்காதபடி கேட்டாள்:

"அப்பா, அவங்க உங்களையும் ஏசினாங்களா?"